மேல்வீட்டு இசைவு

ஜெயசீலியின் வேலை ஊமை மூலைகளைத் தேடுவது. கையில் அளவியை வைத்துக்கொண்டு வீடு வீடாக நடப்பாள். சிக்னல் எங்கே செத்துக் கிடக்கிறதோ அங்கே அது கரகரக்கும். குளியலறை, பூஜை மாடம், இரும்பு பீரோவின் பின்பக்கம். அங்கே சிக்னலை வாங்கிக் கடத்தும் கண்ணி ஒன்றைப் பொருத்திவிட்டால் குழாய் திறக்கும், விளக்கு எரியும், கதவு சொன்ன பேச்சைக் கேட்கும். மணலிப் பக்கத்து நாற்பது மாடி அடுக்ககத்தில் சிக்னல் இல்லாதவன் பாதிப் பிணம்.

அன்று காலை வந்த வேலைச்சீட்டில் 1407 என்று இருந்தது. அவள் தனியாகக் குடியிருக்கும் 1507க்கு நேர் கீழ்வீடு. அங்கே இருப்பவர் வைத்திலிங்கம், கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். மாரடைப்பு வந்து பிழைத்து மூன்று வாரம் ஆகிறது. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் கனடாவில்.

"வாம்மா," என்றார். "நெஞ்சுக்குள்ள ஒரு கருவி வெச்சிருக்காங்க. அது ஆஸ்பத்திரியோட பேசிக்கிட்டே இருக்கணுமாம். ஹால்ல பேசுது, படுக்கப் போனா ஊமையாயிடுது. மூணு வாரமா சோபாவுலதான் தூங்கறேன்."

காரணம் அவளுக்குத் தெரிந்ததுதான். கண்ணிவலையில் சிக்னல் வீட்டுக்கு வீடு தாவித்தான் போகும். பக்கத்து வீட்டுச் சிக்னல் என் வீட்டு வழியாகப் போகட்டும் என்று வீட்டுக்காரர் இசைவு தர வேண்டும். தந்ததை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டாம், யாருக்கும் தகவல்கூடத் தர வேண்டாம். என் சுவர் என் உரிமை என்று கொடி பிடித்து வாங்கிய சட்டம் அது. முன்பு சிக்னல் நுழையும் வலையின் வாய் தரைத்தளத்தில் இருந்ததால் சிக்னல் கீழிருந்து மேலே ஏறியது. போன மாதம் அதை மொட்டைமாடிக்கு மாற்றினார்கள். இப்போது மேல்வீட்டைத் தாண்டித்தான் கீழ்வீட்டுக்கு இறங்க வேண்டும், அதற்கு மேல்வீட்டுக்காரர் புதிதாக இசைவு தர வேண்டும்.

புதுக் கண்ணி பொருத்தும் முன் அந்த வீட்டின் இசைவேட்டைப் பார்ப்பது வழக்கம். வீட்டுக்காரர் கட்டைவிரல் வைத்தால்தான் அது திறக்கும். வைத்திலிங்கம் வைத்தார். ஜெயசீலி பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். நான்கு வருடம் பின்னால் போனதும் விரல் நின்றுவிட்டது.

1507க்கு இசைவு நீக்கம். நவம்பர் எட்டு முதல் பதினாறு வரை.

நவம்பர் பதினான்கு அவள் புருஷன் அருளப்பன் செத்த நாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் சிக்னல் இல்லை. புகார் கொடுத்ததற்கு, மழை நின்றால் சரியாகிவிடும் என்றார்கள் ஆபீசில். அவள் அப்போது பார்த்த வேறு வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டிய காப்பு மணிக்கட்டிலேயேதான் இருந்தது. அது கூப்பிட்டும் இருக்கிறது. ஏட்டில் நாற்பத்தோரு அழைப்பு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'திருப்பப்பட்டது'. பாவி மகள், நான்கு வருடமாக மழையைத் திட்டிக்கொண்டிருந்தாள். இனி எந்த வீட்டிலும் ஊமை மூலை இருக்கக் கூடாது என்றுதான் இந்த வேலைக்கே வந்தாள்.

"சார், இது என்ன?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஓ, இதா. நீங்க கருவாடு வறுப்பீங்க, எனக்குக் குமட்டும். நேர்ல வந்து சண்டை போடறது நாகரிகம் இல்லையேன்னு ஒரு வாரம் உங்க சிக்னலை அமத்தி வெச்சேன். திரும்பப் போட ரெண்டு நாள் மறந்துட்டேன் போல." லேசாகச் சிரித்தார். "பழைய கதைம்மா."

"பதினாலாம் தேதியைப் பாருங்க. நாப்பத்தோரு தடவை கூப்பிட்டிருக்காரு. உங்க வீட்டு வாசல்ல நின்னு தட்டித் தட்டியே செத்திருக்காரு என் வீட்டுக்காரரு."

அவர் சிரிப்பு போய்விட்டது. கையால் துழாவி நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

தெரியாதாம். தெரிந்து செய்திருந்தால் பகையாளி என்று ஒரு மரியாதையாவது இருந்திருக்கும். இந்த ஆள் மின்விசிறியை நிறுத்துவதுபோல நிறுத்திவிட்டு மறந்திருக்கிறான். அளவியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். கட்டிலருகே அது கரகரவென்று கத்தியது. ஒரு பக்கம் வெளிச்சுவர், மறுபக்கம் லிப்டின் இரும்பு. அண்ணாந்து பார்த்தாள்.

"இந்த மூலைக்குச் சிக்னல் இறங்க ஒரே வழிதான் சார் இருக்கு. என் சமையல்கட்டு."

அவர் முகம் வெளுத்தது. கை தானாகக் கும்பிட்டது.

முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இந்த ஆள் செத்துவிட்டால் அவனுக்கு என்ன உறைக்கப் போகிறது? சாவு ஒரு நாள் கூத்து.

"இசைவு தரேன்," என்றாள். "எப்ப வேணா எடுப்பேன். சட்டம் உங்களுக்குத் தெரியும். ஒரு அடையாளம் மட்டும் சொல்றேன். தினம் காலையில எட்டு மணிக்குக் கருவாடு வறுப்பேன். வாசனை வந்தா இசைவு இருக்குன்னு அர்த்தம். வரலைன்னா நீங்களே புரிஞ்சுக்குங்க."

மறுநாள் எட்டு மணிக்கு நெத்திலியைச் சட்டியில் போட்டுவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எப்போதும் இறுக அடைத்திருக்கும் கீழ்வீட்டு ஜன்னல் விரியத் திறந்திருந்தது. கம்பியில் முகத்தை வைத்து அவர் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். நான்கு வருடத்தில் அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. வாளை, சுறா, சென்னாகுன்னி என்று மாற்றி மாற்றி வறுத்தாள். தின்ன ஆளில்லாமல் பாதி குப்பைக்குப் போனது. கோயம்புத்தூர்த் தங்கை தன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள், போகவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் எட்டு மணிக்கு யார் வறுப்பது?

ஏழாம் மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. எட்டு இருபதுக்கு வாசல் மணி அடித்தது. தட்டுத் தடுமாறிப் போய்க் கதவைத் திறந்தாள்.

வைத்திலிங்கம் நின்றிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் ஒரு காகிதப் பொட்டலம். அவளுக்குப் பின்னால் சமையல்கட்டுச் சுவரில் அவள் பொருத்தியிருந்த கண்ணியின் பச்சை விளக்கு, இசைவு இருக்கிறது என்று எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"வாசனை வரலம்மா," என்றார். "உங்ககிட்ட கருவாடு தீர்ந்துபோச்சோ என்னமோன்னு... எதுக்கும் இருக்கட்டும்னு போன மாசமே வாங்கி வீட்டுல வெச்சிருந்தேன்."

ஜெயசீலி அவரையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடுப்பு அங்க இருக்கு," என்றாள்.

முட்டையைக்கூடத் தொட்டறியாத கை, தலை கிள்ளி, கழுவி, எண்ணெயில் போட்டது. புகை எழும்பியதும் அவருக்கு இருமல் வந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. ஜெயசீலி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அருளப்பனின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தீயைக் குறைங்க சார். அவருக்குக் கருகினா பிடிக்காது."

அவர் குறைத்தார்.