பச்சை விளக்கும் நசுங்காத எலுமிச்சம்பழமும்

நாளை மழை இறங்கிவிடும்! அதற்குள் நம்பியைக் குகையிலிருந்து வெளியே கொண்டுவந்தாக வேண்டும்!

சுடர்க்கொடிக்கு அன்று காலை வேறு நினைப்பே இல்லை. அவளுடைய அண்ணன் அறிவுடைநம்பி, பழங்காலக் குகை ஓவியங்களைத் தேடிக் காடு காடாக அலைகிறவன். மூன்று வாரத்துக்கு முன் கர்நாடக எல்லையைத் தாண்டி நீலிப்பாறைக் காட்டுக்குள் போனவன், பாறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு ஒரு குகையில் கிடக்கிறான். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் குன்றின் உச்சிவரை ஏறி, செல்போனில் சிக்னல் பிடித்து, அரைகுறைத் தமிழில் சேதி சொன்னார். மழை வந்தால் வழியிலுள்ள ஓடை பெருகிவிடும். அப்புறம் பத்து நாளைக்கு யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது. அதுவரை அந்தக் கால் தாங்காது.

ஆம்புலன்ஸ்காரர்களோ, “ஓடைக்கரை வரைக்கும் வர்றோம், அதுக்கு மேல வண்டி ஏறாது” என்று கையை விரித்துவிட்டார்கள். ஓடைக்கு அப்பால் ஒன்பது கிலோமீட்டர் வெறும் பாறையும் மேடும்! ஜீப் ஏறும்தான். ஆனால் முறிந்த காலை மடக்கி ஜீப்பில் உட்காரவைத்துக் குலுக்கிக்கொண்டு வர முடியுமா? ஆள் நீட்டிப் படுக்கக் கட்டில் வேண்டும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கவும் வேண்டும்.

“கேரவன்தான் வேணும்!” என்றாள் சுடர்க்கொடி. “ஃபோர் வீல் டிரைவ் உள்ள கேரவன்!”

ஒன்பது மணிக்கெல்லாம் மூன்று பேர் நாமக்கல் புறவழிச்சாலையில் ‘ராஜயோகம் கேரவன்ஸ்’ வாசலில் நின்றார்கள். சுடர்க்கொடி பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அண்ணி பவளம் நம்பியின் மனைவி. நர்ஸ் வேலை, கையில் மருந்துப்பெட்டி, கண்ணில் அடக்கிவைத்த அழுகை. மூன்றாமவர் துரைப்பாண்டி, சுடர்க்கொடியின் பள்ளிப் பேருந்தை இருபது வருடமாக ஓட்டுகிறவர்.

உரிமையாளர் மணவாளன் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு வரவேற்றார். வெள்ளை வெளேரென்று ஒரு கேரவன் நின்றது. பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு ‘4x4’ என்று சிவப்பு ஸ்டிக்கர்! உள்ளே டிவி, ஃபிரிட்ஜ், குளியலறை, காபி போடும் இயந்திரம்.

சுடர்க்கொடி டேப் பிடித்துக் கட்டிலை அளந்தாள். ஆறேகால் அடி! மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து மூடினாள். தண்ணீர்த்தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டாள். கடைசியாக அண்ணன் கிடக்கிற நிலைமையைச் சொல்லி, “நாலு சக்கரமும் இழுக்குமா?” என்றாள்.

“என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க!” மணவாளன் கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லிவரை முன்னால் தள்ளினார். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. “எரியுதா? அவ்வளவுதான். இனி எவரெஸ்டே ஏறும்!”

இயற்பியல் ஆசிரியை அந்த விளக்கை நம்பினாள். படித்தவளாயிற்றே! குனிந்து வண்டிக்கு அடியில் ஒரு பார்வை பார்க்கத் தோன்றவில்லை.

பக்கத்துக் கொட்டகையில் போர்வெல் லாரி ஒன்றுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்து போர்வெல்காரர்கள் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகிறவர்கள்; சமையலும் தூக்கமும் வண்டியிலேயேதான். பேச்சு காதில் விழுந்து, அந்த லாரியின் சொந்தக்காரர் குழந்தைவேலு துண்டால் கையைத் துடைத்தபடி வந்தார்.

“ஏனுங்க அம்மிணி, நீலிப்பாறைக்கா போறீங்க? நாங்களும் அதைத் தாண்டி ஒரு ஊருக்குப் போர் போடத்தான் போறமுங்க. நம்ம வண்டில நாலு சக்கரமும் இழுக்குமுங்க. படுக்கறதுக்குப் பலகையும் இருக்குது. அண்ணன அதுலயே கூட்டிட்டு வந்துரலாமுங்க.”

சுடர்க்கொடி அந்த லாரியைப் பார்த்தாள். மேலெல்லாம் செம்மண், கிரீஸ். கம்பியில் காயும் லுங்கிகள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு கரிபிடித்த பலகை. டீசல் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, “வேண்டாங்க, நோயாளியைப் படுக்கவைக்கிற இடமா இது?” என்றாள். குழந்தைவேலுவின் முகம் சுருங்கியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

புறப்படும் நேரத்தில் பவளம் பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்தாள். “சக்கரத்துக்கு அடியில வச்சு ஏத்திட்டுப் போயிரலாம், கொடி.”

“அண்ணி! அங்க அண்ணன் துடிச்சிட்டிருக்கான், இங்க எலுமிச்சம்பழமா?”

பகுத்தறிவுக் கூட்டங்களுக்குத் தோளில் தூக்கிப்போய் வளர்க்கப்பட்டவள் சுடர்க்கொடி. ஆனாலும் அண்ணியின் கண்ணைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் நான்கு பழங்கள் உட்கார்ந்தன. வண்டியின் முன்பக்கம் காய்ந்த சிமெண்டுத் தரையில் நின்றது. பின்பக்கம் மட்டும் வண்டி கழுவுகிற இடத்துச் சேற்றில். பச்சை விளக்கு எரிய, துரைப்பாண்டி கிளட்சை விட்டார்.

விர்ர்ர்! பின்சக்கரங்கள் சேற்றிலேயே சுற்றின. அங்கிருந்த பழங்கள் கூழாகிச் சுவரில் தெறித்தன. முன்சக்கரத்துப் பழங்களோ அலுங்காமல் குலுங்காமல் மஞ்சளாக உட்கார்ந்திருந்தன!

“சகுனம் சரியில்ல” என்றாள் பவளம். “கொடி, இந்த வண்டி வேண்டாம்டி.”

“எலுமிச்சம்பழத்துக்கு என்ன தெரியும் அண்ணி?” என்று சீறினாள் சுடர்க்கொடி.

மணவாளனின் முகம் ஒரு கணம் வெளுத்ததை அவள் கவனிக்கவில்லை. “தள்ளுங்கப்பா! தள்ளுங்க!” என்று அவர் கத்த, நாலைந்து பேர் ஓடிவந்து முதுகு கொடுத்தார்கள். வண்டி உருண்டது. பழங்கள் நசுங்கின. எல்லோரும் கை தட்டினார்கள்.

நெடுஞ்சாலையில் வண்டி தேராகப் போனது. மாலையில் எல்லை தாண்டி, காட்டோரத்துப் பெட்ரோல் பங்கில் தங்கி, விடிந்ததும் மண் பாதையில் இறங்கினார்கள். வடக்கே மேகம் கறுத்துத் திரண்டு நின்றது. எட்டு மணிக்கு ஓடை வந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர், அடியில் மணல், அந்தக் கரையில் மேடு.

“லிவரைப் போடுங்க, துரையண்ணே!”

போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. வண்டி ஓடையின் பாதிவரை போயிற்று. விர்ர்ர்! நின்றுவிட்டது. துரைப்பாண்டி அழுத்த அழுத்தப் பின்பக்கம் மணலில் புதைந்துகொண்டே போனது.

சுடர்க்கொடி தண்ணீரில் குதித்து முன்னால் ஓடினாள். “இன்னொரு தடவை அழுத்துங்க!”

பின்சக்கரங்கள் பேய் பிடித்தது போலச் சுற்றின. முன்சக்கரங்கள் ஒரு விரற்கடைகூட அசையவில்லை. அவள் அப்படியே நின்றாள். அசையாத சக்கரம்! அலுங்காத பழம்! இதை நேற்றே பார்த்தாளே!

ஈர மணலில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். முன்சக்கரங்களுக்கு நடுவில் வெறும் இரும்புச் சட்டம். எஞ்சினின் சுழற்சியைக் கொண்டுவர ஒரு ஷாஃப்ட்கூட அதை நோக்கி வரவில்லை. அந்தச் சின்ன லிவரின் அடியில் ஒரே ஒரு ஒயர். அது போய்ச் சேர்ந்த இடம் பச்சை விளக்கு!

“அயோக்கியன்!” அவள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த கொக்குகள் பறந்தன. “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கான்! ஒயரும் விளக்கும் வச்சு ஏமாத்தியிருக்கான்! ஒருத்தன் உயிருக்காகத்தான் கேக்குறோம்னு தெரிஞ்சும் ஏமாத்தியிருக்கான்!” ஓங்கி அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை உதைத்தாள். கால்தான் வலித்தது.

அதைவிட அதிகம் வலித்தது வேறொன்று. உராய்வைப் பற்றிப் பன்னிரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறாள். காய்ந்த தரையில் நிற்கிற முன்சக்கரம் இழுத்திருந்தால் பழம் நசுங்கியே ஆகவேண்டும். நசுங்கவில்லை. கண்ணெதிரே நடந்தது அது. அண்ணி அதைச் சகுனம் என்று பார்த்தாள். இவளோ மூடநம்பிக்கை என்று பார்க்கவே மறுத்தாள். பழம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது!

“அண்ணி, தப்பு என்னோடதுதான்” என்றாள்.

பவளம் அழவில்லை. “அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நான் நடந்து போறேன்” என்று மருந்துப்பெட்டியைத் தலையில் ஏற்றினாள்.

அப்போதுதான் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு குழந்தைவேலுவின் லாரி வந்து நின்றது!

குழந்தைவேலு இறங்கி ஓடையைப் பார்த்தார், கேரவனைப் பார்த்தார். சுடர்க்கொடி விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நேத்தே சொன்னனுங்களே அம்மிணி! கிரீஸ் அப்புனா அது வண்டி இல்லைங்களா? நாங்க குடியிருக்கற வீடுங்க அது! வீட்டப் பாத்து மூக்கப் பொத்துனீங்க!”

“திட்டுங்க. திட்டுறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு” என்றாள் சுடர்க்கொடி. “ஆனா அதுக்கு முன்னாடி உங்க வண்டிக்கு அடியில நான் ஒருதடவை பாத்துக்கிறேன்.”

குழந்தைவேலு ஒரு கணம் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். “பாருங்க, தாராளமா பாருங்க! இனிமேலாவது பாத்து எடுங்க!”

பார்த்தாள். முன்னும் பின்னும் இரண்டு ஷாஃப்டுகள், கிரீஸ் பளபளக்க. அதோடும் விடவில்லை. “அண்ணி, பையில மிச்சம் இருந்தா ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க.” ஓடை மணலில் பின்சக்கரம் நிற்க, முன்சக்கரத்துக்கு எதிரே பாறைமேல் பழத்தை வைத்தாள். லாரி உறுமியது. பழம் ‘சப்’பென்று தட்டையானது!

பவளம் கையெடுத்துக் கும்பிட்டாள். சுடர்க்கொடியும் கை தட்டினாள். இரண்டு பேருக்கும் காரணம் வேறு, சந்தோஷம் ஒன்றுதான்.

சங்கிலி போட்டுக் கேரவனைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். துரைப்பாண்டி அதற்குக் காவல் நின்றார். கேரவனின் மெத்தையை உருவிக் கரிபிடித்த பலகைமேல் விரித்தார்கள். அந்த மாளிகையில் உருப்படியாக இருந்தது மெத்தை ஒன்றுதான்! குழந்தைவேலுவின் ஆட்கள் இரண்டு பேர் கடப்பாரையோடு முன்னால் நடந்தார்கள்.

ஒன்பது கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். ஓரிடத்தில் ஒரு சக்கரம் காற்றில் தொங்கியது. “யாரும் மூச்சு விடாதீங்க!” என்றார் குழந்தைவேலு. மற்ற மூன்று சக்கரமும் பாறையைக் கவ்வி இழுத்தன. இன்னோரிடத்தில் கல்லைப் புரட்டிப் பள்ளத்தை நிரப்பினார்கள். முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தபோது, குகை வாசலில் ஆட்டுக்காரப் பெரியவர் துண்டை ஆட்டிக்கொண்டு நின்றார்.

நம்பி உள்ளே கம்பளியில் கிடந்தான். கால் வீங்கிக் கறுத்திருந்தது. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. பவளத்தைக் கண்டதும், “வந்துட்டியா! மேல பாரு, பவளம்!” என்றான். டார்ச் வெளிச்சம் கூரையில் விழுந்தது. காவி நிறத்தில் நூற்றுக்கணக்கான உள்ளங்கைகள்! பெரிய கைகள், குழந்தைக் கைகள், எந்தக் காலத்திலோ யாரோ ஊதிப் பதித்தவை. சுடர்க்கொடிக்கு மெய் சிலிர்த்தது.

“அதெல்லாம் எங்கயும் போகாது. முதல்ல காலைக் காட்டுங்க!” என்று அதட்டிய பவளம், கட்டை வைத்துக் கட்டி, ஊசி போட்டு, பத்தே நிமிடத்தில் ஆளைத் தூக்கவைத்தாள்.

திரும்பும்போது மழை வலுத்துவிட்டது. ஓடை முழங்காலுக்கு மேல் ஓடியது, செந்நிறமாக. “நின்னா போச்சு. நிக்கவே கூடாது!” குழந்தைவேலு லிவரைப் போட்டார். அந்த லிவருக்கு விளக்கே கிடையாது. லாரி தண்ணீரைப் பிளந்துகொண்டு போய், வழுக்கி, உறுமி, கரையேறியது. அடுத்த அரைமணி நேரத்தில் ஒரு மரம் வேரோடு அந்த வழியே மிதந்து போயிற்று. கரையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது.

கால் பிழைத்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

நான்காம் நாள் காலை சுடர்க்கொடி கேரவனோடு ‘ராஜயோகம்’ வாசலில் இறங்கினாள். உள்ளே ஒரு குடும்பம் மலைப்பயணத்துக்கு வண்டி பார்த்துக்கொண்டிருந்தது. “எவரெஸ்டே ஏறும் சார்!” என்றது பழகிய குரல். இன்னொரு கேரவன்! அதே ஸ்டிக்கர், அதே பச்சை விளக்கு!

அவளுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கத்தவில்லை. “துரையண்ணே, பின்சக்கரத்தைச் சேத்துல நிறுத்துங்க” என்றாள். பவளம் முன்சக்கரத்துக்கு எதிரே இரண்டு பழங்களை வைத்தாள். விர்ர்ர்! சேறு மணவாளனின் வெள்ளைச் சட்டைவரை பறந்தது. பழங்கள் அப்படியே இருந்தன.

“சார், இது இழுக்காத வண்டி. நீங்க எடுக்கப்போறதும் இப்படித்தானான்னு குனிஞ்சு பாருங்க” என்றாள் சுடர்க்கொடி அந்தக் குடும்பத்தலைவரிடம். அவர் பேன்ட் அழுக்காவதைப் பார்க்காமல் மண்டியிட்டுப் பார்த்தார்.

மணவாளன் பதறினார். “அது... சகுனம் சரியில்ல மேடம்! இன்னிக்கு அஷ்டமி!”

“சகுனத்தைப் பத்தி எங்கிட்டயா?” பவளம் ஓரடி முன்னால் வந்தாள். “அஷ்டமி எங்களுக்கும் தெரியும். ஷாஃப்ட் எங்க?”

பஞ்சர் கொட்டகைக்காரர்கள், லாரி ஓட்டுநர்கள், டீக்கடைக்காரர் என்று வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அந்தக் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறியது. சுடர்க்கொடி எழுதிக் கொண்டுவந்திருந்த புகார் மனுவில் டீக்கடைக்காரர் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். ஊர் பார்க்க மணவாளன் தன் நகத்தாலேயே அந்தச் சிவப்பு ஸ்டிக்கர்களைச் சுரண்டினார்.

நசுங்காத பழங்கள் இரண்டையும் சுடர்க்கொடி பத்திரமாக எடுத்துக்கொண்டாள். ஒன்றைப் பிழிந்து அண்ணனுக்குச் சாறு கொடுத்தாள். இன்னொன்றைத் திங்கட்கிழமை வகுப்பில் மேசைமேல் வைத்து, “இந்தப் பழம் ஒரு தடவை உண்மையைச் சொல்லுச்சு. உங்க டீச்சர் கேக்கல” என்று பாடத்தைத் தொடங்கினாள்.