வடக்கத்தி ஆற்றுத் தண்ணீர்

வேல்சாமி முதுகுளத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வடக்கே ஒரு பெரிய ஆற்றங்கரையில் அணு உலையில் கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. மனைவி முருகேஸ்வரியின் பிரசவத்துக்காக வந்திருந்தான். கையில் வாய் அடைத்த செம்பு, உள்ளே அந்த ஆற்றுத் தண்ணீர். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் ராமேஸ்வரத்தில் அபிஷேகத்துக்குக் கொடுப்பதாக நேர்ந்திருந்தான்.

வீட்டில் சாமி படத்துக்குக் கீழே செம்பை வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

விளக்கேற்ற வந்த முருகேஸ்வரியின் மூக்கில் சேற்று வாடை அடித்தது. மழை பெய்து மாதக்கணக்கான ஊரில் ஏது சேறு? குனிந்து பார்த்தாள். தரையில் ஈரக் கால்தடங்கள். பெரியதும் சின்னதுமாய், செம்பிலிருந்து கிளம்பி அவள் படுக்கும் பாய் வரை வந்திருந்தன. சின்னத் தடங்கள் எல்லாம் உள்பக்கம் வளைந்திருந்தன.

செம்பின் அடைப்பு அப்படியே இருந்தது.

திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

காலையிலிருந்து துள்ளிய பிள்ளை வயிற்றில் அசையாமல் கிடந்தது. "இங்க ஏதோ வந்திருக்கு" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

"தண்ணியப் பாக்காத ஊர்க்காரி, ஈரத்தைக் கண்டா பேய்ங்கிற" என்று சிரித்துக்கொண்டே வந்தவன் ஒரு தடத்தை மிதித்தான். சட்டென்று காலை எடுத்தான்.

"சூடா இருக்கு."

தண்ணீரை எங்கே எடுத்தான் என்று அவள் துருவித் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னான். குளிரில் ஆற்றில் இறங்க முடியவில்லை. உலையிலிருந்து வரும் குழாயடியில் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் தெளிவாகவும் இருந்ததால் அங்கேயே மொண்டுவிட்டான். அன்றைக்கு ஆற்றோட்டத்தில் கீழே உள்ள ஊர்க்காரர்கள் நோஞ்சான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உலையின் கேட்டில் நின்றார்களாம். இந்த ஆற்றைத்தான் குடிக்கிறோம் என்று அழுதார்களாம்.

"அந்தப் பிள்ளைக காலு எப்படி இருந்துச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். "இந்தா, இப்படித்தான்."

"இது சாமிக்கும் வேணாம், வீட்டுலயும் வேணாம். கருவேலங்காட்டுல ஆழமாக் குழி வெட்டி, செம்போட பொதைச்சுட்டு வாங்க" என்றாள் மெல்ல.

மண்வெட்டியோடு போய் வந்தான். வாடை போய்விட்டது. தரை காய்ந்தது. பிள்ளையும் லேசாக அசைந்தது. அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்ததும் ஊரே குடிக்கும் ஊருணியில் ஒரு குடம் எடுத்து வந்தாள். டம்ளரில் மொண்டு குடித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் வேல்சாமி அந்தச் செம்பைத் துலக்குவது கண்ணில் பட்டது.

"பொதைக்கலையா?"

"நேந்த தண்ணிய மண்ணுல விட்டா கண்ட காலும் மிதிக்கும்ல. அதான் ஊருணியில விட்டேன். அம்புட்டுத் தண்ணியில இது எம்மாத்திரம்? அங்கன கேட்டுல அழுதவங்ககிட்ட ஆபீசரும் இதத்தான் சொன்னாரு."

அவள் கையில் டம்ளர் பாதி காலி.

தெருவில் குடங்களோடு பெண்கள் ஊருணிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டுத் தடுக்க வாயைத் திறந்தாள்.

மடக். மடக்.

யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குள் யாரும் இல்லை.

மடக். மடக்.

மெதுவாகக் குனிந்தாள்.

சத்தம் அவள் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது.