விளக்கு விழுந்தபோது சிரித்தவர்கள்

"ஐயா, என் தம்பி கொலைகாரன் இல்லீங்க. அவனுக்குக் கயித்தைத் தவிர இந்த உலகத்துல வேற எதுவும் தெரியாது."

அந்தத் தையல்காரி வாசற்படியிலேயே நின்று சொன்னாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதைக் கழற்றி வைக்கக்கூடத் தோன்றாமல் ஓடி வந்திருக்கிறாள்.

துப்பறிவாளர் நிதானம் நாற்காலியைக் காட்டினார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. தலைமேல் இடி விழுந்தாலும் கையிலிருக்கும் காபியை முடித்துவிட்டுத்தான் நிமிர்வார் என்பதால் ஊர் வைத்த பெயர் இது. அவர் மனைவியின் தம்பிக்கு அதே ஊர் 'அவசரம்' என்று பெயர் சூட்டியிருந்தது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"உக்காருங்கம்மா. என்ன நடந்துச்சு?"

அவள் நாடகக் குழுவுக்கு உடை தைப்பவள். தம்பி அங்கே திரை இழுப்பவன், மேடைக் கயிறுகளெல்லாம் அவன் பொறுப்பு. நேற்று ஒரு புதிய காதல் நகைச்சுவை நாடகம் அரங்கேறியது. மூன்றாம் காட்சியில் கதாநாயகி கதவைத் திறந்து வந்து சோபாவில் உட்கார வேண்டும். சோபாவுக்கு நேர் மேலே கனமான இரும்புத் தொங்குவிளக்கு.

"அது விழுந்துடுச்சு ஐயா. சோபா ரெண்டாப் பொளந்து போச்சு. கதாநாயகி அம்மா இன்னும் கதவுகிட்டயே நின்னுட்டிருந்தாங்க. சனங்க சிரிப்பு அடங்கட்டும்னு நின்னாங்க, அதுல பொழைச்சாங்க."

"விளக்கு விழுந்ததும் சிரிப்பு நின்னுதா?"

"இல்லீங்க." அவள் குரல் இறங்கியது. "அதுக்கும் சிரிச்சாங்க. நாடகத்துல அதுவும் ஒரு காட்சின்னு நெனைச்சுட்டாங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த அவசரம் எழுந்தேவிட்டான்.

விளக்கின் கயிறு மேடைக்கு மேலே பரணில் கட்டப்பட்டிருந்தது. அந்த முடிச்சைத் தம்பியைத் தவிர யாரும் தொடுவதில்லை. போன வாரம்தான் கதாநாயகி அவனை எல்லார் முன்னாலும் திட்டியிருந்தாள். போலீசுக்கு அது போதுமாயிருந்தது. இன்று சாயங்காலம் அவனை நீதிபதி முன் நிறுத்தப் போகிறார்கள்.

"கிளம்பு மச்சான்" என்றார் நிதானம். அவசரம் ஏற்கெனவே ஒரு செருப்பை மாட்டியிருந்தான். தையல்காரியும் கூடவே வந்தாள்.

பகலில் நாடக அரங்கம் வேஷம் கலைத்த முகம் போல இருந்தது. காலி நாற்காலிகள், மேடையில் பிளந்த சோபா, வளைந்த இரும்பு. பக்கத்திரைக்குப் பின்னால் சுவரில், நாடகம் தொடங்க மணி அடிக்கும் பொத்தான். அதை ஒட்டியே பரணுக்கு ஏணி. காவலுக்கு இருந்த இன்ஸ்பெக்டர் அலுப்போடு வழிவிட்டார்.

பரணில் நிதானம் மண்டியிட்டார். கயிறு கட்டும் இரும்புக் கொக்கியின் கீழே, பலகையில், வளைவு கலையாமல் கிடந்தது ஒரு சாம்பல்.

"கொசுவத்திச் சுருள்!" என்றான் அவசரம். "கீழே ஒப்பனை அறையிலயும் ஒண்ணு எரியுது, அத்தான். அதான் யாருக்கும் வாசனை தனியாத் தெரியலை."

சாம்பலின் முடிவில் உருகி உறைந்த ஒரு நைலான் குமிழ். நிதானம் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு, ஒரு நூலைச் சாம்பலின் வளைவோடு வைத்து அளவெடுத்துக்கொண்டார்.

"முடிச்சை அவுத்துட்டு, விளக்கை மெல்லிசு நைலான் கயித்துல நிறுத்தியிருக்காங்க. சுருள் எரிஞ்சு வந்து அதைச் சுட்டிருக்கு."

"அப்போ கயிறுக்காரன்..."

"அவன் எதுக்கு மச்சான் சுருள் கொளுத்தணும்? இங்கே நின்னு எட்டிப் பார்த்து, அந்தம்மா உக்கார்ந்ததும் கையை விட்டா முடிஞ்சுது. விளக்கு விழும்போது இங்கே இருக்க முடியாத ஒருத்தர்தான் சுருளை நம்புவார்."

"கதாநாயகன்! மேடையில இருந்தான் இல்ல? சாட்சிக்கு ஊரே உண்டு!"

"மெதுவா."

கீழே இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "காலி ஹால்ல காமெடி ஒத்திகை பார்க்கறது சுலபம் இல்ல சார். எங்கெங்க சிரிப்பு வரும்னு கணிச்சு நான் கைதட்டுவேன். அது நிக்கற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா நாளைக்கு வசனம் சிரிப்புல முங்கிடும். முதல் நாள்லேருந்தே எங்க ஒத்திகை இப்படித்தான். எல்லாருக்கும் ரத்தத்துல ஊறிப்போச்சு."

"கை வீங்கற அளவுக்குத் தட்டுவார்" என்றான் கதாநாயகன். "சில இடத்துல நாங்க பரிதாபப்பட்டு நிப்போம்." யாரும் சிரிக்கவில்லை, அவனும்தான்.

ஒப்பனை அறையில் கதாநாயகி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கணவர் டம்ளரைப் பிடித்திருந்தார். குழுவின் மேனேஜர் அவர்தான்.

"நான் டிக்கெட் கவுண்டரை விட்டு நகர மாட்டேன் சார். மணி அடிக்க உள்ளே வருவேன், அடிச்சிட்டுப் போயிடுவேன். ஒத்திகைக்குக்கூட வந்தது கிடையாது."

"அவர் வந்துதான் ஆகணுமா?" என்றாள் அவள். "வீட்டுலயே தினம் ஒத்திகைதான். முதல் வரியிலேருந்து மத்தவங்க வசனம் பூரா அவர்தான் படிப்பார்."

"நல்ல துணை" என்றார் நிதானம்.

அப்புறம் அவர் கேட்டது அவசரத்துக்கே விசித்திரமாக இருந்தது. அதே நீளத்துக்கு ஒரு சுருளை ஒடித்துப் பரணில் கொளுத்தச் சொன்னார். விளக்குக்குப் பதில் ஒரு மணல் மூட்டை. சோபா இருந்த இடத்தில் தரையில் சாக்கட்டிக் கோடு. மணி அடித்ததும் முதல் காட்சியிலிருந்து நடிக்க வேண்டும், இயக்குநர் வழக்கம்போல் கைதட்ட வேண்டும்.

நடித்தார்கள். மூன்றாம் காட்சி. கதாநாயகி கதவருகே கைதட்டலுக்காக நின்றாள். மூட்டை தொப்பென்று வெற்றுக் கோட்டில் விழுந்தது.

"நேத்து மாதிரியே" என்று முணுமுணுத்தார் இன்ஸ்பெக்டர்.

"இன்னொரு சுருள்" என்றார் நிதானம். "இந்தத் தடவை கைதட்டல் வேணாம். நிக்கவும் வேணாம். வீட்டுல படிக்கற மாதிரி விடாமச் சொல்லிட்டுப் போங்க. அம்மா, கோட்டுக்கு வெளியிலயே நில்லுங்க."

பழக்கம் விடாமல் அவர்கள் நின்றுவிடும் இடத்திலெல்லாம் அவர் கையசைத்து விரட்டினார். மூன்றாம் காட்சி வந்தது. கதாநாயகி கதவைத் தாண்டினாள், நடந்தாள், கோட்டின் விளிம்புக்கு வந்து, "இனி நான் எங்கேயும் போறதா இல்லை" என்று சொல்லி உட்கார்வதுபோல் குனிந்தாள்.

மூட்டை கோட்டுக்குள் விழுந்தது. மணல் அவள் பாதத்தில் தெறித்தது.

இன்ஸ்பெக்டர் கயிறுக்காரனை அழைத்துவரச் சொல்லி ஆளனுப்பினார். அவன் வந்து அக்காவின் பக்கத்தில் நின்றதும் நிதானம் பேசினார்.

"சுருளை ஒடிச்சவருக்கு இந்த நாடகம் வரிக்கு வரி தெரியும். எந்த நேரத்துல அம்மா சோபாவுல இருப்பாங்கன்னும் தெரியும். தெரியாதது ஒண்ணே ஒண்ணு. சிரிப்புக்கு எவ்வளவு நேரம் போகும்னு தெரியலை. இந்த மேடையில ஒத்திகை பார்த்த எவருக்கும் அந்தத் தப்பு வராது. இயக்குநருக்கு வராது, கதாநாயகனுக்கு வராது, திரைக்கயிறைப் பிடிச்சுக்கிட்டு தினம் பார்த்த இந்தத் தம்பிக்கும் வராது. நாடகம் முழுசையும் சிரிப்பே இல்லாத ஒரு வீட்டுல படிச்சவருக்குத்தான் வரும். மணி அடிக்கற சாக்குல ஏணிகிட்ட வந்தவருக்கு."

மேனேஜர் சிரிக்க முயன்றார். "இதெல்லாம் ஒரு சாட்சியா சார்?"

"இல்லை" என்று ஒப்புக்கொண்டார் நிதானம்.

அப்போது கதாநாயகி மெல்லத் திரும்பினாள். "போன வாரம் கைக்கடியாரத்தைக் கழட்டி முன்னால வச்சுக்கிட்டுப் படிச்சீங்க. எதுக்குன்னு கேட்டேன். 'சும்மா, நாடகம் எவ்வளவு நீளம்னு பார்க்கறேன்'னு சொன்னீங்க. மூணாவது காட்சியோட மூடி வச்சுட்டீங்களே. மிச்ச நாடகத்துக்கு நீளம் வேண்டாமா?"

மேனேஜரின் முகம் வெளுத்தது. அவள் பக்கம் திரும்பினார்.

"காதல் வசனமெல்லாம் என்கிட்டதான் சொன்னே. கண்ணு மட்டும் என்னைத் தாண்டி சுவரைப் பார்த்துச்சு. நாடகம் ஓடி முடிஞ்சதும் பிரிஞ்சிடலாம்னும் சொன்னே. அப்புறமும் மறுநாள் வந்து, 'எங்க விட்டோம், படிங்க'ன்னே. நானும் படிச்சேன்."

இன்ஸ்பெக்டர் கயிறுக்காரனின் விலங்கைக் கழற்றினார். தையல்காரி தம்பியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றித் தேய்த்தாள். "சாப்பிட்டியாடா?" என்றாள். அவன் தலையாட்டினான்.

அதே விலங்கு மேனேஜர் கையில் ஏறியபோது கதாநாயகி ஒரு அடி முன்னால் வந்தாள். அழுவாள், அடிப்பாள் என்று அவசரம் எதிர்பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க" என்றாள். "நேத்து ஊரே சிரிச்சுது. அவ்வளவு நாள் படிச்சீங்களே, ஒரு வரிக்குக்கூட உங்களுக்குச் சிரிப்பு வரலையா?"

அவர் நின்றார்.

"வந்துச்சு" என்றார். "நிறைய இடத்துல வந்துச்சு. உன் முன்னால சிரிக்கக் கூடாதுன்னு அடக்கிக்கிட்டேன்."

கடியாரத்தை வைத்துக்கொண்டு அடக்கிய சிரிப்பு. சிரித்திருந்தால் அந்த நேரமும் சுருளின் நீளத்தில் சேர்ந்திருக்கும். அந்தக் கணக்கு அவசரத்துக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் சொல்ல வாயெடுத்தான். நிதானம் அவன் தோளில் கை வைத்தார். மேடையில் அவள் முகத்தைப் பார்த்தபோது, அவளுக்கும் அது புரிந்துவிட்டது தெரிந்தது.