முதல் ஆண்டுப் பழுப்பு

2131 ஆவணி 9. இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். படத்தொகுப்பு மாலை வகுப்புக்கு அனுப்பவேண்டிய பயிற்சிப் படம் அக்காவுக்குப் போய்விட்டது. முகவரியை இருமுறை சரிபார்த்ததாகத்தான் நினைவு. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எழுதிய செவ்வேள், 'நினைவு' என்பதை அடித்துவிட்டு 'எண்ணம்' என்று மாற்றினான்.

நிலவிலுள்ள பிறைநகரில் அறைச் சுவர்களே படம் பிடிக்கும். வேலை முடிந்ததும் அன்றைய நாளை வெட்டித் தொகுத்துப் பூமிக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆட்கள் கைகால் கழுவுவார்கள். பூமியில் அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம்? அதற்காகவே ஒவ்வொரு வீட்டிலும் பார்வைப் பதிலி என்றொரு கருவி இருந்தது. படத்தை அது பார்க்கும். வீட்டார் சொல்வதுபோலவே பதிலும் எழுதும். இரண்டாண்டுகளாகச் செவ்வேளுக்கு வந்ததெல்லாம் ஒரே பதில்: 'நல்லாருக்கியா? நேரத்துக்குச் சாப்பிடு.' அக்காவின் குரலைக் கேட்டே இரண்டாண்டு ஆகிவிட்டது.

நகரம் தொடங்கிய ஆண்டில், செவ்வேள் வந்த புதிதில், கதிர்வீச்சு பட்டுப் படங்களெல்லாம் பழுப்பேறிப்போயின. இன்று 'முதல் ஆண்டுப் பழுப்பு' என்ற அந்த நிறத்துக்குத்தான் மவுசு. வெள்ளையில் மஞ்சள் கூட்டி, கறுப்பைக் காப்பிநிறமாக்கி, ஓரங்களில் புள்ளி தூவுவது வகுப்பின் நான்காம் பாடம். செவ்வேள் முந்தைய நாள் தான் தனியே இட்லி தின்ற காட்சியை எடுத்து அப்படிச் செய்திருந்தான். தூக்கிப் போட்ட இட்லி மெல்ல இறங்கி வர, வாயைத் திறந்து பிடித்துச் சிரிக்கிற காட்சி. அதையே நிறம் ஏற்றாமல் நேற்று அக்காவுக்கு அனுப்பியிருந்தான். பதிலி பதில் போட்டிருந்தது.

சுவர் ஒளிர்ந்தது. திருநெல்வேலியிலிருந்து அக்கா மங்கையர்க்கரசி; பதிலி அல்ல, அவளே.

"ஏல, இதை எங்கல வச்சிருந்த இவ்ளோ நாளா? பழசுன்னு பதிலி என்னையே கூப்பிட்டுக் காட்டுச்சு. அழுகையா வருதுல."

"அக்கா! அது நேத்து எடுத்தது."

பேச்சு போய்த் திரும்ப மூன்று நொடி.

"போல! அந்த நெறம் எனக்குத் தெரியாதாக்கும்? நீ போன புதுசுல எடுத்தது. மூஞ்சியில என்ன களை! இப்பப் பாரு, வத்தலா கெடக்க."

"அதே மூஞ்சிதாங்கா. வகுப்புல நெறம் ஏத்தச் சொன்னாங்க."

"பொய் சொல்லாத. இப்பல்லாம் நீ எங்கல இப்படிச் சிரிக்க?"

அவன் சிரித்துக் காட்டினான். ஆனால் அவள் கண் வேறெங்கோ இருந்தது.

"அக்கா, நான் இங்க ஒத்தையிலதான் கெடக்கேன். கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிரேன்."

"பேசுவோம்ல, நான் எங்க போயிரப் போறேன்? செத்த இரு, அதை இன்னொரு தடவ பாத்துட்டு வந்துருதேன்."

சுவரில் அவள் நாற்காலி மட்டும் தெரிந்தது. பக்கத்து அறையிலிருந்து அவனுடைய சிரிப்பும், அதைக் கேட்டு அவள் சிரிப்பதும் வந்தன. நாற்பது நிமிடம் காத்திருந்தான். பூமி இணைப்புக்கு ஒதுக்கிய நேரம் அத்துடன் முடிந்து, சுவர் அணைந்தது.

செவ்வேள் குறிப்பேட்டை இழுத்து அடியில் எழுதினான்:

நாளைய வேலை: இன்றைய அழைப்பின் பதிவுக்கு முதல் ஆண்டுப் பழுப்பு ஏற்றி, அக்காவுக்கு அனுப்ப வேண்டும்.