ஸ்பாமுக்குப் போன மலையாளம்

யோகப்பிரியா வீட்டில் மெயில் இலாகா அவள் கையில்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இலாகாவா என்று கேட்காதீர்கள். அவள் அப்பா மோகனசுந்தரத்துக்குத் தென்னையும் நிலக்கடலையும் தெரியும், மெயில் தெரியாது. அம்மா பிரதீபாவுக்கோ மெயில் என்றாலே கை நடுங்கும். எதையாவது தொட்டு எதுவாவது ஆகிவிட்டால்? அதனால் மிச்சம் இருந்தது யோகாதான்.

அந்த மெயில் முகவரியைத் திறந்ததே அம்மாவுக்காகத்தான். கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊர் நூலகத்தில், தமிழ்ப் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். அம்மாவுக்குப் புத்தகம் என்றால் உயிர். கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூட வாசித்துவிட்டுத்தான் கசக்குவார்.

"இந்த ஒரு வேலை மட்டும் கெடச்சுட்டாப் போதுஞ்சாமி" என்று விண்ணப்பம் அனுப்பிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

பதில் மெயிலில் வரும் என்றார்கள். ஆனால் வந்தது வேறு. எல்லாம் அப்பா செய்த வேலை. பொள்ளாச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் குலுக்கல் சீட்டு கொடுத்தார்களாம், கார் பரிசாம். அப்பா அம்மாவின் மெயில் முகவரியை அழகாக எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். கார் வரவில்லை. மெயில்கள்தான் வந்தன. அடேயப்பா! உடம்பு இளைக்க வேண்டுமா, துபாயில் வீடு வேண்டுமா, ஒரே வாரத்தில் ஜப்பான் மொழி கற்க வேண்டுமா என்று கேட்டுக் கேட்டு போன் ஓயாமல் கிணுகிணுத்தது.

யோகா உடனே ஒரு சட்டம் போட்டாள். படிக்க முடியாத மெயில் எல்லாம் ஸ்பாம். ஸ்பாம் என்றால் மெயிலுக்குள் இருக்கும் குப்பைத்தொட்டி. பெரிய பெரிய ஆங்கிலமா? ஸ்பாம். கூட்டல் கழித்தல் போலக் குறிகள் நிறைந்த மெயிலா? ஸ்பாம். மலையாளமா? அதுவும் ஸ்பாம்தான்.

மலையாளம் என்ன பாவம் செய்தது என்கிறீர்களா? யோகா படித்தது தமிழ் மீடியம், அப்பாவும் அப்படித்தான். மலையாளத்தில் சரளமாகப் பேசுவாள், கடையில் பேரம்கூடப் பேசுவாள். வாசிக்கச் சொன்னால் மட்டும் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். அம்மா பொள்ளாச்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். அவருக்கு அந்த எழுத்துகள் ஜிலேபி பிழிந்த மாதிரி தெரியும்.

சட்டம் அருமையாக வேலை செய்தது. பெருமை தாங்காமல் யோகா அடுத்த வீதி வினோ அக்காவிடமும் சொல்லி, அவர் போனையும் அதே சட்டப்படி சுத்தம் செய்து கொடுத்தாள். வினோ அக்கா துணி தைப்பவர், அவருக்கும் மலையாள எழுத்து தெரியாது. அவரும் அதே நூலக வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்.

அம்மா தினமும் கேட்டார். "மெயில் வந்துச்சா அம்மிணி?"

"இன்னும் வரலீங்கம்மா."

அம்மா முகம் வாடி உள்ளே போய்விடுவார். அந்த முகத்தைப் பார்க்க யோகாவுக்குச் சங்கடமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை நாலரை மணிக்குப் போன் கிணுகிணுத்தது. யோகா பார்த்தாள். நல்ல தமிழ்!

'அன்பான பயனரே! வாழ்த்துகள்! நீங்கள் வேலைக்குத் தேர்வாகிவிட்டீர்கள். கீழே உள்ள நீல வரியைத் தொட்டு வங்கி விவரங்களைக் கொடுங்கள். பத்து நிமிடங்களில் முந்துங்கள்!'

"அம்மா! வேலை கெடச்சிருச்சு!"

அம்மா மாவு பிசைந்த கையோடு ஓடி வந்தார். அப்பா தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு வந்தார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "ஏனுங்க, எனக்கு வேலைங்க!"

"தொடு, தொடு, பத்து நிமிசம்னு போட்டிருக்குது பாரு!" என்று அப்பா பரபரத்தார். அம்மாவின் மாவு விரல் நீல வரியை நோக்கிப் போனது.

யோகாவுக்கு ஏதோ உறுத்தியது. மறுபடி வாசித்தாள். அன்பான பயனரே? அம்மா பெயர் எங்கே? நூலகம் எங்கே? புத்தகம் என்ற வார்த்தைகூட இல்லையே!

"அம்மா, தொடாதீங்க!" போனைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இன்டர்வியூவே வெக்காம யாராச்சும் வேல குடுப்பாங்களா? நம்மளுக்கு அனுப்புனதுன்னா உங்க பேரு இருக்கோணுமில்ல?"

அப்பா வாசித்துப் பார்த்தார். நீல வரியில் நூலகத்தின் பெயர் இல்லை, ஏதோ எண்ணும் எழுத்துமாக இருந்தது. "அட, ஆமா. இது களவாணிப் பயலுக வேல."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வந்த சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

யோகா போனையே பார்த்தாள். தமிழில் வந்தால் நல்ல மெயில் என்றல்லவா நினைத்திருந்தாள்? தமிழிலேயே திருட்டு மெயில் வருமென்றால், அவள் போட்ட சட்டம் என்ன சட்டம்? நல்லதுபோல வந்தது கெட்டது. அப்படியானால் கெட்டது என்று தள்ளியதில்?

அவள் அவசரமாக ஸ்பாமைத் திறந்தாள். ஐயோ, எத்தனை மலையாள மெயில்கள்! எது என்ன என்று ஒன்றும் புரியவில்லை. எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். நாலு எழுத்துக்கு மேல் ஓடவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஜிஸ்மி வீட்டுக்கு ஓடினாள்.

ஜிஸ்மி மூன்று வீடு தள்ளி இருந்தாள், மலையாளம் மீடியம். வாசலில் சக்கைச் சுளை தின்றுகொண்டிருந்தாள். பலாப்பழத்துக்கு அவள் வீட்டில் அதுதான் பெயர்.

"எடீ, கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. நீ போனைப் பிடி, நான் வாசிக்கறேன்" என்றாள். "இது முடி கொட்டறதுக்கு எண்ணெய். இது சீட்டுக் கம்பெனி. இது மறுபடியும் முடி எண்ணெய்."

"அது அப்பாவுக்கு வேணும்பாரு. அடுத்தது?"

ஜிஸ்மி வாசித்தாள். மெல்லுவது நின்றது. "யோகா, இது ஸ்பாம் ஒண்ணும் இல்லடீ. உங்கம்மா பேரு இருக்கு. லைப்ரரியிலேர்ந்து! நாளைக்கு ஞாயிறு காலையில பத்து மணிக்கு இன்டர்வியூவாம். வர்றதா இருந்தா இன்னைக்கு ஆறு மணிக்குள்ள பதில் அனுப்பணுமாம்."

யோகா நிமிர்ந்து பார்த்தாள். சூரியன் தென்னைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. யார் அனுப்பிய மெயிலை யார் குப்பையில் போட்டது? அவள்தான், அவளேதான்!

வீட்டுக்கு ஓடி வந்து ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? "நான் எத்தன நாளாக் கேக்கறேன்! ஒரு வார்த்த என்றகிட்டக் கேட்டிருக்கக் கூடாதா?"

"பெரிய இதுவாட்டம் சட்டம் போட்டுட்டேன். தப்புதானுங்கம்மா."

அம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு போனை வாங்கினார். "சரி, அழுவாத. மெயிலு எப்படி அனுப்பறதுன்னு காட்டு, நானே அனுப்பறேன்." கை நடுங்கியது. ஆனாலும் தமிழிலேயே, 'நாளை கண்டிப்பாக வருகிறேன்' என்று எழுதி அனுப்பினார். "தமிழு தெரிஞ்ச ஆளுதான வேணுன்னாங்க?" என்றார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் யோகா நினைத்தாள். அப்போதுதான் வினோ அக்கா ஞாபகம் வந்தது.

வினோ அக்கா போனில் மலையாளத்தை எல்லாம் தள்ளியதும் அவள்தானே? அந்த மெயிலும் குப்பையில்தான் கிடக்கும். சொன்னால் வினோ அக்காவும் நாளைக்கு வருவார். கெட்டிக்காரர், நன்றாக வாசிப்பார். அம்மாவுக்கு வேலை கிடைக்காமல் போகலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

யோகா வாசல்படியில் நின்றாள். உள்ளே அம்மா நல்ல சேலையைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"அம்மா, வினோ அக்காளுக்கும் அந்த மெயிலு வந்திருக்கும். அதையும் நாந்தான் தள்ளியுட்டேன்."

அம்மா சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு சேலையைக் கட்டிலில் போட்டார். "அப்பறம் இன்னும் ஏன் இங்க நிக்கற? பொழுது எறங்குதில்ல? ஓடு!"

யோகா ஓடினாள்.

மறுநாள் அப்பாவின் ஸ்கூட்டரில் அம்மா பின்னால் உட்கார, அம்மாவுக்குப் பின்னால் வினோ அக்கா ஒட்டிக்கொண்டு போனார். ஊர் முழுக்க வேடிக்கை பார்த்தது.

திரும்பி வந்து அம்மா சொன்னார். "சின்னப் பிள்ளைகளக் கூட்டி வெச்சு, ஆளுக்கொரு கத வாசிக்கச் சொன்னாங்க. லைப்ரரி தலைவர் கோபிநாத் சார் என்ன கேட்டாரு தெரியுமா? இவ்வளவு பேருக்கு மெயில் அனுப்பினோம், ரெண்டு பேர்தான் வந்திருக்கீங்க, மத்தவங்க எங்கேன்னு கேட்டாரு. அவங்க வீட்லயும் ஒரு யோகா இருக்காளோன்னு நானும் வினோவும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டோம். சிரிப்ப அடக்க முடியல போ!"

புதன்கிழமை சாயங்காலம் அம்மா போனுக்கு மெயில் வந்தது. அதே நேரம் வினோ அக்காவும் போனோடு ஓடி வந்தார். இரண்டும் மலையாளம். இந்த முறை யாரும் எதையும் தள்ளவில்லை. ஜிஸ்மியைக் கையோடு இழுத்து வந்தார்கள். அவள் நிதானமாக முதலில் இதை வாசித்தாள், பிறகு அதை வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்பாவுக்கே பொறுக்கவில்லை.

"சொல்லித் தொலையேன் சாமி!"

"பிரதீபா ஆன்ட்டி திங்கக்கிழமை போய் லைப்ரரி சாவி வாங்கிக்கணுமாம்" என்றாள் ஜிஸ்மி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வினோ அக்கா, உங்களுக்கு இந்தத் தடவ இல்லையாம்."

அம்மாவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. யோகா தரையைப் பார்த்தாள். வினோ அக்கா போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். வருத்தம் அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார்.

"போகுது போங்கக்கா. திங்கக்கிழம மொத ஆளா நான் வந்து நிப்பேன். தடியா ஒரு புஸ்தகம் எடுத்து வெயுங்க."