கடற்காகங்களுக்கு மாமூல்

உச்சிவேளை சாய்ந்தும் திதிக்காகம் இறங்கவில்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மேல் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படையல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த கைப்பிடிச் சுவர்களிலெல்லாம் கடற்காகங்கள், கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்குக் காத்திருக்கும் கூட்டம் மாதிரி.

வெயில் தாங்காமல் நிஜக் காக்கைகள் தூத்துக்குடியை விட்டுப் போய் வருடக்கணக்காகிறது. அப்புறம் முன்னோருக்குப் படைத்த சோற்றை யார் எடுப்பது? சிறகன் நிறுவனம் திதிக்காகம் என்று ஓர் இயந்திரக் காக்கையைச் செய்தது. சொல்லி வைத்தால் வரும். படையலைக் கொத்தி வயிற்றிலுள்ள இரைப்பெட்டியில் போட்டுக்கொண்டு பறக்கும். அது எடுத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. இயந்திரம் என்று ஊருக்கே தெரியும். தெரிந்துதான் கும்பிட்டார்கள்.

அதை வடிவமைத்தவள் உலகம்மாள். இன்று அவள் அப்பாவின் முதல் திதி. ஒரு வருடமாகப் பேசாத அண்ணன் சுடலைமுத்துவின் மொட்டைமாடியில் நிற்கிறாள். அப்பா சாகக் கிடந்ததை அண்ணன் அவளுக்குச் சொல்லவே இல்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. மூன்று வருடம் எட்டிப் பார்க்காதவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்பது அண்ணன் கட்சி.

"கா... கா..." சுடலைமுத்துவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"பிள்ளையெல்லாம் பசியில கெடக்கு," என்றாள் மதினி செண்பகவடிவு. "மாமாவுக்குப் பிடிச்ச உளுந்தவடை வைக்கலல்லா, அதான்."

வடை வந்தது. காக்கை அசையவில்லை. பாயசம் வந்தது. ஊஹூம்.

உலகம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதில் நிறுவனம் வேறு உயிரை எடுக்கிறது: கடற்காகங்கள் ஏன் ஊருக்குள் கூடுகின்றன என்று உடனே கண்டுபிடித்தாக வேண்டுமாம். கடலில் மீன் இல்லாமல் ரேஷன் கார்டு வாங்க வந்திருக்கின்றன என்று டீக்கடையில் கேலி பேசுகிறார்கள்.

அப்போதுதான் அடுத்த தெருவிலிருந்து இன்னொரு திதிக்காகம் எழும்பியது. கடற்காகங்கள் அதை வளைத்துக்கொண்டன. அது பதறவில்லை. நிதானமாக இரைப்பெட்டியைத் திறந்து அத்தனையையும் கொட்டியது. அவை பாய்ந்து பொறுக்க, அது பாட்டுக்கு வழிவிட்ட வானத்தில் போனது.

அடப்பாவி, மாமூல் கொடுக்கிறதே என்று நினைத்தாள். கடற்காகங்கள் கொத்திச் சிறகை ஒடிக்கின்றன என்று, சேதம் குறைந்த வழியை நீயே பழகிக்கொள் என அதற்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். நன்றாகத்தான் பழகியிருக்கிறது. மாமூலுக்கு நிறையச் சோறு வேண்டும். இறங்கத் தாமதித்தால் சனங்கள் இன்னும் கொஞ்சம் வைப்பார்கள். ஊர் முழுக்க இதுதான் நடக்கிறது.

கட்டாயமாக இறக்கும் பொத்தான் அவள் கைப்பேசியில் இருந்தது. விரல் அதன் மேல் போனது.

"அப்பாவுக்கு எம்மேலதான் கோவம்," என்றான் சுடலைமுத்து திடீரென்று. "ஒனக்குச் சொல்லிருக்கணும் உலகு. வீம்புல சொல்லாம இருந்துட்டேன். தப்புதான்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் ஒரு வருடமாகக் காத்திருந்தாள். விரலை எடுத்துவிட்டாள்.

காக்கை அப்போதும் இறங்கவில்லை. கழுத்தைச் சாய்த்து இப்போது அவள் கையைப் பார்த்தது. எல்லோரும் ஏதாவது வைத்துவிட்டார்கள். அவள் மட்டும்தான் ஒன்றும் வைக்கவில்லை. வெறுங்கையாக நிற்பவரிடம் இன்னும் வாங்கலாம் என்கிற கணக்கு அது. கணக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நீ ஒரு வாய் வச்சுப் பாரு தாயி," என்றாள் மதினி.

உலகம்மாள் ஒரு வடையை எடுத்து இரண்டு கையாலும் இலையில் வைத்தாள். "வராம இருந்தது என் தப்புப்பா. வந்து சாப்பிடுங்க," என்றாள்.

காக்கை விருட்டென்று இறங்கியது.

"அப்பா ஏத்துக்கிட்டாவ, பாத்தியா உலகு," என்றான் அண்ணன்.

"ஆமாண்ணே."

தெருமுனை தாண்டும் முன்பே காக்கை வயிற்றைத் திறந்தது. வடையோடு வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்த கடற்காகம் ஒன்று அதைச் சாவகாசமாகத் தின்றது.

பந்தியில் உட்கார்ந்ததும் மேலாளர் கைப்பேசியில் கூப்பிட்டார். "ஏம்மா, கடற்காகம் ஏன் கூடுதுன்னு தெரிஞ்சுதா?"

பக்கத்தில் அண்ணன் அவள் இலையில் தன் வடையை வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் தெரியல சார்," என்றாள்.