ஸ்பிரிங்வெளியில் ஒட்டாத பல்

பதுளை பஸாரில் புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது துப்பறிவாளர் இத்ரூஸின் அறை. அங்கே வந்த பல் டொக்டர் விஜயலெட்சுமி, வந்ததும் வராததுமாக ஒரு மனிதப் பல்லை மேசைமேல் வைத்து விரலால் தட்டினார். பல்லில் ஒட்டியிருந்த வெள்ளைத் துண்டு கழன்று உருண்டது.

“பிடுங்கின பல்லுல பசையை ஒட்டிப் பார்க்கிறதுதான் எங்க ஆராய்ச்சி. தோட்டத்து ஆளுங்களுக்கு உடைஞ்ச பல்லை மலிவா ஒட்டிக் குடுக்கணும். ஆயுத பூசைக்கு முன்னாடி வரைக்கும் குறடு வச்சு இழுத்தாலும் வராது. இப்ப தட்டினா விழுது. என் உதவியாளர் ஷம்ராதான் பசையில எதையோ கலக்கிறா. எங்க ரெண்டு பேரைத் தவிர ஆய்வுக்கூடத்துக்குள்ள யாரும் வர்றதில்ல. திங்கக்கிழமை அவளை வேலையை விட்டு நிறுத்தப் போறேன். அதுக்கு முன்னாடி ஆதாரம் வேணும்.”

கதவோரம் நின்ற ஜெயரூபனுக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஓட்டோ ஓட்டுவது அவன் தொழில். இத்ரூஸுக்கு வழக்கு வந்தால் அவனும் பாதித் துப்பறிவாளன். அவனுக்கு உடனே விளங்குவது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். அது மட்டும் அவனுக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆய்வுக்கூடம் இருந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு மூவரும் ஓட்டோவில் ஏறும்போது பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கியது. ஓட்டோவின் முன்பக்கத்துக்கு வெள்ளி தவறாமல் சந்தனம் குங்குமம் வைப்பவன் ஜெயரூபன். ஹெட்லைட்டைப் போட்டான். வெளிச்சம் சோகை பிடித்ததுபோல் விழுந்தது.

“பல்பு பழசா தம்பி?” என்றார் இத்ரூஸ்.

“புத்தம் புதுசு நானா. ஏன் இப்படி மங்குதுன்னே தெரியல.”

இத்ரூஸ் பனியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆய்வுக்கூடம் ஒரு பழைய பங்களா. கதவு, நுண்ணோக்கி, தராசு, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றிலும் ஆயுத பூசைப் பொட்டு. ஜெயரூபன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மூலையில் ஷம்ரா அழுது சிவந்த கண்ணோடு நின்றாள். அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பெரிகிறது என்று டொக்டரே வழியில் சொல்லியிருந்தார்.

“பசை தானா இறுகாது. இந்த நீல விளக்கைக் காட்டினாத்தான் கல்லாகும்” என்றார் டொக்டர். கண் கூசாமலிருக்கச் செம்மஞ்சள் கண்ணாடித் தட்டைப் பிடித்துக்கொண்டு விளக்கைப் போட்டுக் காட்டினார். “தினமும் இப்படித்தான் பார்க்கிறேன். நல்லாத்தான் எரியுது.”

“புதுப் போத்தல் திறந்தீங்களா?”

“சீலை நானே உடைச்சேன். அதுவும் ஒட்டல. ஆனா ஜன்னலோரம் மறந்து வச்ச ஒரு பல்லு மட்டும் விடாப்பிடியா ஒட்டியிருக்கு. எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும்போல இருக்கு.”

ஜெயரூபனுக்கும் தலை சுற்றியது. பசையில் தண்ணீர் கலந்தாளா? அப்படியானால் சீல் வைத்த போத்தல்? ஒருவேளை வெற்றிலை போட்டவர்களின் பல்லோ? அப்படியானால் ஜன்னலோரப் பல்?

இத்ரூஸ் மூவரையும் உட்காரச் சொன்னார்.

“குற்றம் பசையிலன்னா, புதுப் போத்தல் ஒட்டியிருக்கணும். பல்லுலன்னா, ஜன்னலோரப் பல்லு ஒட்டியிருக்காது. அந்தப் பல்லுக்கு மட்டும் நீலமும் கலந்த பகல் வெளிச்சம் நேரா கிடைச்சிருக்கு. அப்ப மிச்சம் இந்த விளக்குத்தான். டொக்டர், இங்க எல்லாத்துக்கும் பொட்டு இருக்கு. விளக்குக்கு மட்டும் ஏன் இல்ல?”

“வச்சேனே. மறுநாள் பஞ்சால துடைச்சிட்டேன்.”

“எங்க வச்சீங்க?”

டொக்டரின் விரல் தன்னையறியாமல் தன் நெற்றிக்குப் போயிற்று. “முகத்துலதான்…”

விளக்கின் முகம் அதன் கண்ணாடி. இத்ரூஸ் விளக்கை அணைத்து, ஜன்னல் பக்கம் திருப்பினார். கண்ணாடியில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருந்தது.

“குங்குமச் சிவப்பு நீல ஒளியைக் குடிச்சிடும். அதைச் செம்மஞ்சள் தட்டு வழியாப் பார்த்தா, கறை எப்படிக் கண்ணுக்குத் தெரியும்?”

டொக்டர் ஸ்பிரிட்டால் கண்ணாடியைத் துடைத்து, புதுப் பல்லில் பசை தடவி விளக்கைக் காட்டினார். தட்டினார், விழவில்லை. குறடு வைத்து இழுத்தார், அப்போதும் வரவில்லை.

ஜெயரூபனுக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. “ஏன் தங்கச்சி, நீங்க தினமும் விளக்கைத் துடைக்கிறதில்லையா?”

“மத்த இடமெல்லாம் துடைச்சேன்” என்றாள் ஷம்ரா, தலை நிமிராமல். “கண்ணாடியில கொஞ்சம் ஒட்டியிருந்திச்சி. டொக்டர்ட சாமிப் பொட்டு. நான் அழிச்சா அவங்க மனசு நோகுமேன்னு விட்டுட்டேன். இதாலதான் ஒட்டல்லன்னு சத்தியமா எனக்குத் தெரியா.”

டொக்டருக்கு வெட்கத்தில் முகம் கறுத்தது. இவ்வளவு நாளும் இவளையா திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தோம் என்று நெஞ்சு சுட்டது.

“என்னை மன்னிச்சிடு ஷம்ரா. திங்கக்கிழமை வந்துடு. நீ வரலைன்னா நானே உன் வீட்டுக்கு வருவேன்.”

ஷம்ரா தலையாட்டினாள்.

வெளியே ஜெயரூபன் ஹெட்லைட்டின் முன் குந்தியிருந்தான். கண்ணாடியின் நட்டநடுவே, வெள்ளிக்கு வெள்ளி ஏறித் தடித்த பொட்டு. துடைக்கப் போன கை, சாமிப் பொட்டாயிற்றே என்று பாதியில் நின்றது.

பின்னாலிருந்து ஸ்பிரிட் பஞ்சோடு ஒரு கை நீண்டது.

“நான் துடைக்கலாமா அண்ணா?” என்றாள் ஷம்ரா.

“தாராளமா துடைங்க தங்கச்சி” என்றான் ஜெயரூபன்.